டோனி பென்: பிரபுப் பட்டத்தைத் துறந்த அரசியல் வாரிசு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோனி பென் யார்?

பிரிட்டனின் தொழிற்கட்சியில் இடதுசாரி அணியின் முகமாகப் பல ஆண்டுகள் விளங்கியவர். 1925 ஏப்ரல் 3 அன்று லண்டனில் பிறந்தார். 2014 மார்ச் 14 அன்று அதே நகரில் மறைந்தார். 1950இல் தமது 25ஆம் வயதில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, இடையில் இருமுறை பதவியிழந்த காலம் போக, 2001 வரை நாடாளுமன்றத்தின் கீழவையான மக்கள் சபையின் உறுப்பினராக இருந்தார். ஹரால்டு வில்சன், ஜேம்ஸ் கலஹன் ஆகிய இரு பிரதமர்களின் அரசுகளில் அமைச்சராகப் பணியாற்றினார். அவருடைய முழுப்பெயர் ஆன்டனி நீல் வெட்ஜ்வுட் பென். மேட்டுக்குடி வாசனை வீசும் அந்த நீண்ட பெயரை 1970களின் தொடக்கத்தில் அவரே சுருக்கிக்கொண்டார். எதிரிகள் அதையும் விட்டுவைக்கவில்லை. பெயரைச் சுருக்கினால் பிறப்பு மாறிவிடுமா என்று பத்திரிகைகள் பல நாள் கேலி செய்தன.

அவருடைய குடும்பத்தை அரசியல் குடும்பம் என்று சொல்வது ஏன்?

தந்தைவழித் தாத்தா, தாய்வழித் தாத்தா, தந்தை ஆகிய மூவருமே நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்கள். தந்தைவழித் தாத்தா ஜான் வில்லியம்ஸ் பென் பதிப்பகத் தொழிலில் பொருளீட்டியவர். லிபரல் கட்சி சார்பில் கிழக்கு லண்டனிலிருந்து 1892இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். லண்டன் மாநகராட்சிக்குரிய கவுன்டி கவுன்சிலின் தலைவராகவும் இருந்தவர். தாய்வழித் தாத்தா டேனியல் ஹோம்ஸ், ஸ்காட்லாந்தின் கோவன் தொகுதியை 1911 முதல் 1918 வரை லிபரல் உறுப்பினராகப் பிரதிநிதித்துவம் செய்தார். தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1906இல் லிபரல் உறுப்பினராக நுழைந்து, 1927இல் தொழிற்கட்சிக்கு மாறினார்.

அந்தக் கட்சி மாற்றத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்சி மாறிய கையோடு அவர் தம் பதவியையும் விட்டு விலகினார். லிபரல் வேட்பாளர் என்று நம்பி வாக்களித்த மக்களின் இடத்தில் தொழிற்கட்சிக்காரராக உட்கார்ந்திருப்பது முறையன்று என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டு அபர்டீன் வடக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்ற பிறகே மீண்டும் சபைக்குள் வந்தார். மகனுடைய அரசியலைப் புரிந்துகொள்ள, தாத்தாக்களின் பதவிப் பட்டியலைவிடத் தந்தையின் இந்த ஒரு செயல் அதிகம் உதவும்.

தாய் மார்கரெட்டும் சாதாரணமானவர் அல்லர். இறையியல் கற்றவர், பெண்களுக்குக் குருத்துவம் வழங்கப்பட வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியவர். மன்னர்களுக்கும் இறைவாக்கினருக்கும் இடையிலான போராட்டமே விவிலியம் என்றும், அதில் நாம் இறைவாக்கினர் பக்கம் நிற்க வேண்டும் என்றும் தாய் தமக்குக் கற்பித்ததாக டோனி பென் அடிக்கடி நினைவுகூர்ந்தார்.

இந்தியாவுடன் இந்தக் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. தந்தை 1929 முதல் 1931 வரை ராம்சே மெக்டொனால்டு அமைச்சரவையில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தார். இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்தே (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி) இறுதி இலக்கு என்று வைஸ்ராய் இர்வின் 1929 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட அறிவிப்பும், முதல் வட்டமேசை மாநாடும், காந்தி–இர்வின் ஒப்பந்தமும் அவர் காலத்தவை. அதே சமயம், உப்புச் சத்தியாக்கிரகத்தில் பல்லாயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டதும், வேதாரண்யத்தில் ராஜாஜி கைதானதும் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான். தாராள மனத்தினர் என்று பெயரெடுத்த ஒருவர் தலைமை வகித்த துறையும் தடியடியையும் சிறையையும் தவிர்க்கவில்லை என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

வட்டமேசை மாநாட்டுக்காக காந்தி 1931இல் லண்டன் சென்றபோது, ஆறு வயதுச் சிறுவனாக அவரைச் சந்தித்ததை டோனி பென் முதுமையிலும் பெருமையுடன் சொல்வார். குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக 1954இல் ஃபென்னர் பிராக்வே உள்ளிட்டோர் தொடங்கிய இயக்கத்தில் அவரும் தொடக்கம் முதலே பங்குகொண்டார்.

அவருடைய இளமையும் கல்வியும் எப்படிப்பட்டவை?

பிறந்த வீடு நாடாளுமன்றத்துக்கு நடந்து செல்லும் தொலைவில், மில்பேங்க் தெருவில் இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ கல்லூரியிலும் படித்தார். 1947இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் விவாத மன்றத்தின் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) விமானி பயிற்சி பெற்றார். அவருடைய அண்ணன் மைக்கேலும் விமானிதான். 1944 ஜூனில் பணியின்போது இறந்தார். அந்த இழப்பு குடும்பத்தில் ஏற்படுத்திய துயரம் ஒருபுறமிருக்க, டோனி பென்னின் அரசியல் வாழ்வையே திசைதிருப்பிய ஒரு சட்டச் சிக்கலுக்கும் அதுவே வித்தாயிற்று.

1949இல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த கரோலைனை மணந்தார். சந்தித்த ஒன்பதாம் நாளே ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பூங்கா இருக்கையில் வைத்துத் தம் விருப்பத்தைச் சொன்னவர், பிற்காலத்தில் அந்த இருக்கையை நகர மன்றத்திடமிருந்து விலைக்கு வாங்கித் தம் வீட்டுத் தோட்டத்தில் போட்டுக்கொண்டார். கரோலைன் கல்வியாளர், தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்காத பொதுப்பள்ளி முறைக்காகப் பாடுபட்டவர்.

நாடாளுமன்றத்துக்குள் எப்படி வந்தார்?

பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் உறுப்பினர் உடல்நலக் குறைவால் பதவி விலகியதை அடுத்து, 1950 நவம்பர் 30 அன்று நடந்த இடைத்தேர்தலில் வென்று வந்தார். விலகிய அந்த உறுப்பினர் வேறு யாருமல்லர்; 1942இல் தூதுக்குழுவுடன் இந்தியா வந்த ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ்தான்.

தந்தை இறந்ததும் அவருடைய பதவி ஏன் பறிபோனது?

1942இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சியின் பலத்தைக் கூட்டுவதற்காக அவருடைய தந்தைக்கு விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற பட்டம் வழங்கப்பட்டது. ஒருவர் ஆயுட்காலத்துக்கு மட்டும் பிரபுவாக இருக்கும் ஏற்பாடு 1958இல்தான் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தரப்பட்ட பட்டம் என்பதால் அது தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்குச் சேரும். மதபோதகராக விரும்பிய மைக்கேலுக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. 16 வயதிலிருந்த இளைய மகனை யாரும் கேட்கவுமில்லை. மைக்கேல் போரில் இறந்ததும் வாரிசுரிமை டோனி பென்னிடம் வந்து நின்றது.

பிரபுவாக இருப்பவர் மக்கள் சபையில் உட்கார முடியாது. பட்டத்தைத் துறக்கவும் வழியில்லை. ஆபத்து தெரிந்தே இருந்ததால், தந்தை உயிருடன் இருந்தபோதே, 1955இல், தமக்கு மட்டும் விலக்களிக்கும் தனி மசோதாவுக்கு அவர் முயன்றார். அது பிரபுக்கள் சபையிலேயே முடங்கிப்போயிற்று. 1960 நவம்பர் 17 அன்று தந்தை இறந்தார். அன்று தந்தையை இழந்த மகன், தொகுதியையும் இழந்தார்.

தேர்தலில் தோற்றவருக்கு அந்த இடம் தரப்பட்டது என்பது உண்மையா?

உண்மைதான். காலியானதாக அறிவிக்கப்பட்ட தொகுதிக்கு 1961 மே 4 அன்று இடைத்தேர்தல் நடந்தபோது, தகுதியற்றவர் என்று அறிந்தே அவர் மீண்டும் போட்டியிட்டார். அவருக்கு 23,275 வாக்குகளும், கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231 வாக்குகளும் கிடைத்தன. முந்தைய தேர்தலைவிட வாக்கு வித்தியாசம் கூடியிருந்தும், சபை வாயிலில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டார்.

வழக்கு தேர்தல் நீதிமன்றத்துக்குச் சென்றது. பென் வழக்குரைஞர் அல்லர். ஆயினும் தம் தரப்பைத் தாமே பல நாள்கள் வாதாடினார். நீதிபதிகள் இருவரும் சட்டத்தின் பக்கமே நின்றனர்: வேட்பாளரின் தகுதியின்மை வாக்காளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்ததால், அவருக்கு விழுந்த வாக்குகள் வீணான வாக்குகளே, ஆகவே அடுத்து வந்தவரே உறுப்பினர் என்று தீர்ப்பாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், இடத்தைப் பெற்ற செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்தின் வாரிசாக இருந்தவர்தான்.

அவருடைய பிற்கால நிலைப்பாடுகள் பலவற்றுக்கும் ஊற்றுக்கண் இந்த 1960–63 காலமே என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் கருத்து. ‘மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பின், அவர் வேண்டாம் என்று சொல்ல வேறு யாருக்கு உரிமை?’ என்ற கேள்வி அவருக்கு நூலில் படித்த கோட்பாடு அல்ல; நீதிமன்றத்தில் நின்று தோற்ற வழக்கு.

1963ஆம் ஆண்டுச் சட்டம் எதை மாற்றியது?

பரம்பரைப் பிரபுக்கள் தம் பட்டத்தை ஆயுட்காலம் முழுவதற்கும் துறக்க அச்சட்டம் வழிசெய்தது. அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அரசின் முதல் எண்ணம். உடனே வரட்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபை. 1963 ஜூலை 31 மாலை 6 மணியளவில் மகாராணியின் ஒப்புதல் கிடைத்தது. 6.22க்கு பென் தம் பட்டத்தைத் துறந்தார். இச்சட்டத்தின்படி முதலில் துறந்தவர் அவரே. செயின்ட் கிளேரும் தாம் கொடுத்த வாக்குப்படி பதவி விலகினார் என்பதை மதிப்புடன் குறிப்பிட வேண்டும். ஆகஸ்ட் 20 அன்று நடந்த இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. பென் எளிதாக வென்றார்.

இடதுசாரி ஒருவரின் போராட்டத்தால் பெரும்பயன் அடைந்தவர் ஒரு கன்சர்வேடிவ் தலைவர். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் மேக்மில்லன் விலகியபோது, பிரபுக்கள் சபையில் இருந்த ஹோம் பிரபு பிரதமரானார்; சில நாள்களில் தம் பட்டத்தைத் துறந்து அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார். பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்கள் பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையும் இச்சட்டத்தால்தான் வந்தது.

பதவி இல்லாத காலத்தில் என்ன செய்தார்?

பேசினார், எழுதினார், தொகுதியைவிட்டு விலகாமல் இருந்தார். 1963இல் பிரிஸ்டல் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து, பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் அங்கு நடந்தது. பென் அதை வெளிப்படையாக ஆதரித்து, மிதிவண்டி தேடிப் பிடித்தாவது செல்வேனேயன்றி இந்தப் பேருந்துகளில் ஏறமாட்டேன் என்றார். ஆகஸ்டின் இறுதியில் நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் அங்கே நடத்துநராகச் சேர்ந்த வெள்ளையரல்லாத முதல் மனிதர் ஒரு சீக்கியர்.

அமைச்சராக அவருடைய பணிகள் யாவை?

1964இல் தபால்துறை அமைச்சரானார். தபால்தலைகளில் அரசியின் தலை இடம்பெறாத வடிவங்களை ஓவியர் டேவிட் ஜென்டில்மனைக் கொண்டு வரையச் செய்து, அரண்மனைக்கே எடுத்துச் சென்று மகாராணியிடம் காட்டினார். அரண்மனை வெளிப்படையாக மறுக்காமலே காரியத்தைத் தடுத்துவிட்டது. இறுதியில் தலை போகவில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு சிறு நிழலுருவாகச் சுருங்கிற்று. பிரிட்டனின் நினைவுத் தபால்தலைகளில் இன்றும் அந்த ஏற்பாடே தொடர்கிறது.

1966 முதல் 1970 வரை தொழில்நுட்ப அமைச்சர். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் கான்கார்டு பயணிகள் விமானத் திட்டத்தைக் கைவிடாமல் காப்பாற்றியவர்களுள் அவரும் ஒருவர். அந்நாளில் அவர் இயந்திரங்களையும் பெருநிறுவன இணைப்புகளையும் நம்பிய நவீனவாதி. பின்னாளில் அணுமின்சாரம் உட்படப் பலவற்றைக் குறித்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1974இல் தொழில்துறை அமைச்சரானபோது, மூடப்படவிருந்த ஆலைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளாக நடத்த அரசுப் பணம் கொடுத்தார். மெரிடனில் இயங்கிய டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் ஆலை அவற்றுள் பெயர்பெற்றது. அந்த முயற்சிகளில் எதுவும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை. ஏற்கெனவே நொடித்துப்போன ஆலைகளே அவர் கைக்கு வந்தன என்பது பாதி விளக்கம்தான். சந்தையையும் முதலீட்டையும் பற்றி அவர் போதுமான அளவு எண்ணவில்லை என்பது மீதிப் பாதி. 1975 முதல் 1979 வரை எரிசக்தி அமைச்சராக இருந்தபோதுதான் வடகடல் எண்ணெய் முதன்முதலாகக் கரைக்கு வந்தது.

ஐரோப்பிய இணைப்பை அவர் ஏன் எதிர்த்தார்?

ஐரோப்பிய அமைப்பின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் இருந்து சட்டம் இயற்றுபவர்களை பிரிட்டிஷ் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அகற்றவும் முடியாது என்பதே அவர் வாதம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பதா என்பதைப் பொது வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று தொழிற்கட்சிக்குள் முதன்முதலில் வற்புறுத்தியவர்களுள் அவர் முக்கியமானவர். 1975 ஜூன் 5 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பில் 67 சதவீதத்தினர் நீடிக்க வேண்டும் என்று வாக்களித்தனர். தாம் கேட்டு வாங்கிய வாக்கெடுப்பில் தாமே தோற்றார். சில நாள்களிலேயே வில்சன் அவரைத் தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றினார். வயது ஏற ஏற முதிர்ச்சி குறையும் மனிதர் என்று அவரைப் பற்றிக் கிண்டலாகச் சொன்னவரும் அதே வில்சன்தான்.

1981இல் நடந்த துணைத் தலைவர் தேர்தல் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிந்த தேர்தல் அது. 1979 பொதுத்தேர்தல் தோல்விக்குப் பின், கட்சித் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து விரித்து, தொழிற்சங்கங்களுக்கும் தொகுதிக் கட்சிகளுக்கும் பங்கு தர வேண்டும் என்ற இயக்கத்தை பென் முன்னின்று நடத்தினார். அது வென்றது, வென்ற வேகத்தில் கட்சியின் வலதுசாரிகள் சிலர் வெளியேறி சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். அந்தச் சூழலில்தான், ஒற்றுமை கருதிப் போட்டியிட வேண்டாம் என்று தலைவர் மைக்கேல் ஃபுட் கேட்டுக்கொண்டதையும் மீறி, துணைத் தலைவர் டெனிஸ் ஹீலியை எதிர்த்து பென் நின்றார். செப்டம்பரில் முடிவு வந்தபோது ஹீலி 50.426 சதவீதமும், பென் 49.574 சதவீதமும் பெற்றிருந்தனர். இடதுசாரிகளிலேயே நீல் கினாக் உள்ளிட்ட சிலர் இறுதிச் சுற்றில் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கியது முடிவைத் தீர்மானித்தது. அந்த மனக்கசப்பு பல ஆண்டுகள் ஆறவில்லை.

1983 தோல்விக்கு அவரைப் பொறுப்பாக்குவது சரியா?

ஓரளவு சரி, முழுவதும் சரியன்று. அத்தேர்தலில் தொழிற்கட்சி 27.6 சதவீத வாக்குகளையும் 209 இடங்களையும் மட்டுமே பெற்றது. உட்கட்சிச் சண்டையை மாதக்கணக்கில் தெருவுக்குக் கொண்டுவந்ததில் பென்னுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கட்சி பிளந்து எதிர்ப்பு வாக்குகள் சிதறியதும், 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போர் வெற்றியால் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கு உயர்ந்ததும் அவர் செய்தவை அல்ல. அந்தப் போரை அவர் எதிர்த்தார் என்பது வேறு.

தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டதால் பிரிஸ்டல் கிழக்கில் நின்ற அவரும் தோற்றார். அதனால், அடுத்து நடந்த தலைவர் தேர்தலில் போட்டியிட முடியாமல் போயிற்று, கினாக் தலைவரானார். 1984 மார்ச் 1 அன்று செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில் வென்று பென் திரும்பிய சில நாள்களிலேயே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. தொடக்கம் முதல் முடிவு வரை அவர்களோடு நின்றார். 1988இல் கினாக்கை எதிர்த்துப் போட்டியிட்டு, சுமார் 11 சதவீத ஆதரவோடு தோற்றார்.

அவர் சொன்ன ‘ஐந்து கேள்விகள்’ எவை?

அதிகாரம் படைத்த எவரையும் பார்த்துக் கேட்க வேண்டியவை என்று அவர் பல மேடைகளில் சொன்னவை: உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்? யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்? உங்களை எப்படி அகற்றுவது? ஐந்தாவதற்குப் பதில் சொல்ல முடியாதவர் ஜனநாயக அமைப்பில் இல்லை என்பார். 2001 மார்ச்சில் மக்கள் சபையில் ஆற்றிய விடைபெறும் உரையிலும் இவற்றைக் குறிப்பிட்டார்.

துடைப்ப அறையில் அவர் பலகை பதித்த கதை என்ன?

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி வைல்டிங் டேவிசன், நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத் தேவாலயத்தை ஒட்டிய துடைப்ப அறையில் ஒளிந்துகொண்டார்; வாக்களிக்க முடியாத பெண்ணின் அன்றைய முகவரி மக்கள் சபை என்று பதிவாக வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு எந்த நினைவுச் சின்னமும் அங்கே இல்லாததைக் கண்ட பென், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பலகையைச் செய்து, தாமே திருகாணி முடுக்கிப் பதித்துவிட்டார். அது இன்றும் அங்கிருக்கிறது. 2014இல் அவர் இறந்தபோது, இறுதிச்சடங்குக்கு முந்தைய இரவு அவர் உடல் வைக்கப்பட்டதும் அதே தேவாலயத்தில்தான்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

அரசியலுக்கு அதிக நேரம் ஒதுக்குவதற்காக நாடாளுமன்றத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தார்; அந்த வாசகம் 2000இல் மறைந்த அவர் மனைவியுடையது. 2003 பிப்ரவரியில் பாக்தாது சென்று சதாம் உசேனைப் பேட்டி கண்டார். ஈராக் போருக்கு எதிரான இயக்கத்தின் தலைவராகக் கடைசிவரை இருந்தார். கையில் புகைக்குழாயும் தேநீர்க் கோப்பையுமாக, ஊர் ஊராகச் சென்று நிறைந்த அரங்குகளில் உரையாற்றினார். ஒரு காலத்தில் பிரிட்டனின் மிக ஆபத்தான மனிதர் என்று எழுதிய பத்திரிகைகள், இந்த வயதில் அவரை அன்பான தாத்தாவாக்கின. அந்த அன்பில் ஒரு தந்திரம் இருப்பதை அவர் அறிந்தே இருந்தார். இனி ஆபத்தில்லை என்று முடிவு கட்டப்பட்டவருக்குத்தானே அப்படிப்பட்ட பாராட்டுக் கிடைக்கும்.

அவருடைய நாட்குறிப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பெரும்பகுதியை அன்றன்றைக்கே ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்தார். அமைச்சரவைக்குள் யார் என்ன சொன்னார் என்பது சூடாறும் முன்பே அதில் ஏறிவிடும். பல தொகுதிகளாக வெளிவந்த அவை, அவரை ஏற்காத வரலாற்றாசிரியர்களுக்கும் தவிர்க்க முடியாத மூலமாக இருக்கின்றன. தம் தவறான கணிப்புகளையும் அவர் நீக்காமல் விட்டிருப்பதே அவற்றின் பலம்.

அவருடைய மகனும் அரசியலில் இருக்கிறார். இது வாரிசு அரசியல் ஆகாதா?

பெயர் உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெயர் மட்டும் போதுமாக இருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாம் மகன் ஹிலாரி பென் 1983, 1987 தேர்தல்களில் லண்டனின் ஈலிங் வடக்குத் தொகுதியில் தோற்று, 1999இல் லீட்ஸ் மத்தியத் தொகுதி இடைத்தேர்தலில்தான் வென்றார். தாம் பென் குடும்பத்தவரே தவிர பென்னின் கொள்கையைப் பின்பற்றுபவர் அல்லர் என்று அப்போதே அறிவித்துவிட்டார். ஈராக் போரில் தந்தை எதிர்ப்புக் கூட்டங்களில் முழங்கியபோது மகன் அரசுடன் இருந்தார். 2015 டிசம்பரில் சிரியாவில் குண்டுவீச்சை ஆதரித்து அவர் ஆற்றிய உரை, தம் கட்சித் தலைவர் ஜெரமி கார்பினின் நிலைக்கு நேர் எதிரானது; கார்பினோ டோனி பென்னின் நெருங்கிய சீடர். 2019இல் ஒப்பந்தமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதைத் தடுத்த சட்டம் ஹிலாரி பென்னின் பெயராலேயே அறியப்படுகிறது. 2024 ஜூலையில் வட அயர்லாந்துக்கான அமைச்சரானார். தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையினர் அமைச்சரவையில் அமர்ந்த குடும்பம் என்ற வகையில் இது அரிதுதான். கருத்து மட்டும் வாரிசுரிமையாகக் கைமாறவில்லை.

துறந்த பட்டம் என்ன ஆயிற்று?

துறவு அவருடைய ஆயுட்காலத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், 2014இல் பட்டம் மூத்த மகன் ஸ்டீபனிடம் சேர்ந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். 1999ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் மட்டுமே சபையில் நீடித்தனர். அவர்களிடையே காலியான ஓர் இடத்துக்கு 2021இல் ஸ்டீபன் தேர்வானார். எஞ்சியிருந்த பரம்பரை இடங்களையும் ஒழிப்பதற்கான மசோதாவை 2024 செப்டம்பரில் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தபோது, அண்ணன் அந்தப் பிரபுக்களில் ஒருவராகவும், தம்பி ஹிலாரி அதைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஒருவராகவும் இருந்தனர்.